ஸ்ரான்லி போட்ட முடிச்சு

புலம்பெயர்ந்து வந்து ஸ்பிரிங்வேல் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குக் கூடுகிறவர்களைக் கேட்டால், ஸ்ரான்லி வாயில் கொழுக்கட்டையை வைத்திருக்கிற மனிதர் என்பார்கள். அவருடைய மனைவி பேர்ளைக் கேட்டால் சிரிப்பாள். வீட்டுக் குசினிக்குள் நுழைந்தால் மனிதருக்கு வாய் ஓயாது. இந்த ஊமை வேடமெல்லாம் ஒரே ஒருவருக்காகத்தான். ரோவிலில் இருக்கும் ஜெயசிங்கம் அங்கிளைப் பூசைக்கு ஏற்றிவர ஆள் வேண்டுமென்று சுவாமி கேட்டபோது, முதலில் கை தூக்கியவரும் இதே ஸ்ரான்லிதான்.

எண்பத்தெட்டில் இந்திய இராணுவம் மன்னாரைப் பிடித்து வைத்திருந்தபோது ஜெயசிங்கம் சைக்கிளில் பேக்கரிப் பாண் விற்றார். அவர் ஹோர்ன் அடித்துப் போன ஒழுங்கையில் இரண்டு தடவை சுற்றிவளைப்பு நடந்தது. அது போதாதா? ஆமிக்குத் தகவல் கொடுக்கிறார் என்று இயக்கம் அவரைப் பிடித்து, கண்ணைக் கட்டி, ஒரு கொட்டிலில் அடைத்தது. கையைப் பின்னால் கட்டியதும் காவல் நின்றதும் அப்போது இயக்கத்தில் இருந்த பத்தொன்பது வயது ஸ்ரான்லி. நாலாம் நாள், பாண்காரரில் பிழையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

அங்கிள் அன்று முகத்தைப் பார்க்கவில்லை, குரலைக் கேட்டிருக்கிறார். தெரிந்தால் இனிக் காரில் ஏறமாட்டார் என்ற பயம் ஸ்ரான்லிக்கு. மன்னிப்புக் கேட்கவும் துணிவில்லை. அதனால் 'ஓம்', 'இல்லை' என்பதோடு சரி.

போன ஞாயிறு பூசை முடிந்து அங்கிள் ஒரு கதிரை வாங்கினார். அதை ஏற்றியதும் கார் டிக்கி மூடவில்லை. கடற்கரையில் வலையோடு வளர்ந்த ஸ்ரான்லி, நைலோன் கயிற்றால் பழக்கப்பட்ட முடிச்சொன்றைப் போட்டு இறுக்கினார்.

ரோவிலில் அங்கிளின் மரக்கறிப் பைகளை வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, அங்கிள் காருக்கு முதுகைக் காட்டி, கைகளைப் பின்னால் விட்டு நின்றார். விரல்கள் மட்டும் அசைந்தன. முடிச்சு அவிழ்ந்து கயிறு கீழே விழுந்தது.

"அங்கிள்..."

"அண்டைக்கும் ரெண்டாம் நாளே அவிட்டுப்போட்டன், தம்பி. நீர் குறட்டை விட்டு நல்ல நித்திரை."

"ஏன் ஓடேல்லை?"

"ஓடியிருந்தா உம்மை விட்டிருப்பாங்களோ? கயித்தைக் கையில சுத்திக்கொண்டு அப்பிடியே இருந்தனான்."

ஸ்ரான்லி நடைபாதையில் நின்றபடியே அழுதார். அங்கிள் கயிற்றைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

"அடுத்த ஞாயிறு வரேக்க கதைச்சுக்கொண்டு காரை ஓடும். மனுசன் எவ்வளவு நாளைக்கு ரேடியோவையே கேக்கிறது?"