இப்பத்தான் சார் ஆச்சு

1. ஊசிக்கு முன்

ஏழுமலை என்ற நெசவாளரைப் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஆட்டோவில் எங்கள் காஞ்சிபுரம் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வாய் கோணியிருந்தது, வலது கை துவண்டு கிடந்தது. சி.டி. ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. அடைப்பினால் வந்த பக்கவாதம். எப்போது தொடங்கியது என்று மகள் கல்பனாவிடம் கேட்டேன்.

"இப்பத்தான் சார் ஆச்சு. அரை மணி நேரம் இருக்கும்."

எனக்குச் சந்தோஷம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த அவகாசத்தை நாங்கள் 'விண்டோ' என்போம். அது தாண்டிப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம்.

காஞ்சிபுரத்தில் நோயாளிகள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. ஆரம்பத்தில் பெரும்பாலோர் விண்டோ தாண்டித்தான் வந்தார்கள். நான் உறவினர்களைப் பிடித்துக் கத்துவேன். "இவ்வளவு நேரம் வீட்ல வெச்சு வேடிக்கை பாத்தீங்களா?" சில மாதங்களில் எல்லாரும் சீக்கிரம் வரத் தொடங்கினார்கள். விழிப்புணர்வு வந்துவிட்டது என்று நம்பி, அப்படியே கட்டுரையும் எழுதி மருத்துவ இதழுக்கு அனுப்பிவிட்டேன்.

2. கல்பனா கேட்ட கேள்வி

மருந்து தயாராக இருந்தது. நர்ஸ் மேரி ஊசியின் ஆபத்துகளை விளக்கிக்கொண்டிருந்தபோது கல்பனா கேட்டாள்:

"நேரம் தாண்டி இருந்தா என்னாவும்க்கா?"

"உயிருக்கே ஆபத்தும்மா. ஏன் கேக்குற?"

அவள் என்னைப் பார்த்தாள். "சார் கத்தமாட்டாருன்னு சொல்லுங்க, சொல்றேன்."

"கத்தமாட்டாரு, நான் பாத்துக்கறேன். சீக்கிரம் சொல்லு" என்றார் மேரி.

"காலையிலயே கை மரத்துப்போச்சின்னாரு. தறியில உக்காந்தா அப்டித்தான் ஆவும்னு எண்ணெ தேச்சிப் படுக்க வெச்சோம். சாயந்தரம் எழுப்பினா வாய் கோணிக்கினு இருக்குது."

"பின்ன ஏம்மா அரை மணி நேரம்னு சொன்ன?" என்றேன்.

"போன வருசம் எங்க சித்தியை எல்லார் முன்னாடியும் அழவெச்சீங்களே சார்! தெருவே சொல்லிக்கினு இருக்குது. அந்த டாக்டராண்ட போனா இப்பத்தான் ஆச்சின்னு சொல்லிடு, இல்லன்னா நோயாளியை உட்டுட்டு உன்னைப் புடிச்சிக்குவாருன்னு."

ஊசி வேண்டாம் என்று மேரியிடம் சொன்னேன். ஏழுமலை பிழைத்தார்.

ஆனால் அவருக்கு முன் வந்த எத்தனை பேர் இதையே சொன்னார்களோ! அவர்களில் ஒருவர் ஊசிக்குப் பிறகு கசிவு ஏற்பட்டு இறந்தார். சரியான நேரத்தில் போட்டாலும் சிலருக்கு அப்படி நேரும் என்று அன்று எங்களைத் தேற்றிக்கொண்டோம். அவர் மனைவி சொன்னதும் "இப்பத்தான் சார்" என்பதே. அது உண்மையா என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அந்த அம்மாளைப் பார்த்துப் பேசவும் எனக்குத் துணிவு வரவில்லை.

3. கேள்வியை மாற்றினோம்

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். சென்னையிலிருந்த தலைமை ஆய்வாளர் போனில் சலித்துக்கொண்டார். "என்னய்யா, நல்லா வந்த ரிசல்ட்டை நீயே போட்டு உடைக்கிற?"

"அது ரிசல்ட் இல்ல சார். அவங்க என்கிட்ட இருந்து தப்பிச்ச கதை."

பிறகு நெசவாளர் தெருக்களுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு பக்கக் கை மட்டும் திடீரென மரத்தால் அதைத் தறியின் மேல் போடாதீர்கள், எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காதீர்கள், எவ்வளவு நேரமாகியிருந்தாலும் உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். "நீ வாய மூடு, நாங்க வாயத் தொறக்கறோம்" என்று ஒரு பெரியவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வார்டில் "ஏன் லேட்டு?" என்று கேட்பதை நிறுத்தினோம். "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்று மட்டும் கேட்டோம்.

சில மாதங்கள் கழித்துக் கல்பனா, வலது கை துவண்டுபோன பக்கத்து வீட்டுக்காரரையும் அவர் மனைவியையும் அழைத்துவந்தாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் தயங்கினார்.

"உள்ளதைச் சொல்லு அத்தே. இப்பல்லாம் கடிக்கமாட்டாரு" என்றாள் கல்பனா.

"ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சி சார். தறியாலதான்னு நெனச்சி உட்டுட்டோம்."

"சொன்னீங்களே, அது போதும்மா."

ஊசி போட்டோம். மறுநாள் அவர் அதே கையால் காபி டம்ளரைப் பிடித்துக் குடித்தார்.

இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களைக் கண்டு பயப்படும் உறவினர் சொல்லும் நேரத்தை நம்பி ஊசியும் போடாதீர்கள், கட்டுரையும் எழுதாதீர்கள். முதலில் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள்.