சுரைக்குடுக்கைக்கு விபூதி

என் மனைவி கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாய வீட்டில் பிறந்தவள். கிணற்று மேட்டிலிருந்தே குதிப்பாள். நானோ திருவண்ணாமலை டவுனில் வளர்ந்தவன். குளத்தில் இறங்கினால் ஒரு படி. தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்வதோடு சரி.

எங்கள் பெண்ணுக்கு நீச்சல் வரவேண்டும் என்று மனைவிக்கு ஆசை. அரைப்பரீட்சை லீவில் மாமனார் வீட்டுக் கிணற்றுக்கு அழைத்துப்போனோம். பெண் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா எறங்குனா நானும் எறங்குறேன்."

அவள் இறங்கவில்லை. நானும்தான். வீடு திரும்பும்போது மனைவி சொன்னாள்: "கோடை லீவுலயும் இப்டியே நின்னீங்கன்னா, அவளுக்குப் பயம் தங்கிடுங்க."

அது மனசில் தைத்தது. எனக்குத் தங்கிவிட்ட பயம் அவளுக்கும் வேண்டாம். மிதவைக்குச் சுரைக்குடுக்கை நானே செய்கிறேன் என்றேன்.

முதலில் இளங்காயைப் பறித்து மொட்டைமாடியில் காயவைத்தேன். அழுகி ஒழுகியது. "கூட்டாவது வச்சிருக்கலாம்" என்றாள் மனைவி. அடுத்து, கொடியிலேயே முற்றவிட்டுப் பறித்து, தட்டினால் டொக்கென்று கேட்கும்வரை உலர்த்தினேன். இரண்டு குடுக்கைகள் தேறின. இரண்டுக்கும் விபூதிப் பட்டை போட்டேன்.

கோடை லீவில் அவற்றோடு கிணற்றடிக்குப் போனதும் மச்சான் உற்றுப் பார்த்தான்.

"மாமா, இத இடுப்புல கட்டணுமா, கற்பூரம் காட்டணுமா?"

"கிண்டல் ஜாஸ்தியாப் போச்சுடா ஒனக்கு" என்று சொல்லிவிட்டு, குடுக்கைகளை நானே இடுப்பில் கட்டிக்கொண்டேன். அங்கேதான் தப்பு நடந்தது. எனக்கு வேலை பூஜை சாமான் கடையில், பொட்டலம் கட்டுவது. வாங்குபவர் நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சுதான் என் கைக்குத் தெரியும். அதையே போட்டிருக்கிறேன்.

மனைவியும் பெண்ணும் கடைசிப் படியில் உட்கார்ந்திருக்க, தண்ணீரில் இறங்கினேன். கால் தரையைத் தேடியது. கை எதையாவது பிடிக்கத் தேடி, கயிற்று நுனியைப் பிடித்து இழுத்தது. குடுக்கைகள் இரண்டும் என்னை விட்டுவிட்டு எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்ந்தன.

"அண்ணாமலையாரே" என்று அலறினேன்.

மேலே களை வெட்ட வந்த பெண்கள் நின்றிருந்தார்கள். மச்சானோடு சேர்ந்து பக்தியாக, "அரோகரா" என்றார்கள். யாரும் குதிக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். இன்னொரு அரோகரா வந்தது.

"காலை ஒதைங்க, காலை" என்று மனைவி கத்தினாள். உதைத்தேன். மூக்கில், வாயில், காதில் எல்லாம் தண்ணீர். எப்படியோ எதிர்ச் சுவர்வரை போய்க் குடுக்கைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஒருத்தரும் இறங்காமல் பார்த்துக்கொண்டதும் அண்ணாமலையார் செயல்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, தவளை மாதிரி போன நீ."

"தவளையோ என்னவோ, போனேன் இல்ல?"

"அப்ப நான் ஒன்ன விட நல்லாப் போவேன்" என்று பாவாடையைச் செருகிக்கொண்டு, அம்மா கையைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். சோறு ஆறுகிறது என்று மாமியார் மேலிருந்து எத்தனையோ தடவை கூப்பிட்டும் அவள் ஏறவில்லை.