ஆளில்லாத வீட்டுக்கு ஒரு பதிவுத்தபால்

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒரு பழைய வீட்டை வாங்கி, குடிபோகுமுன் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்தார்.

"ஆளில்லாத வீடு சார். வாரம் ஒருதடவை நீங்க போய்ப் பார்த்ததுக்கு ஆதாரம் இல்லேன்னா இன்சூரன்ஸ் கிடைக்காது," என்றார் ஏஜென்ட்.

"பூ, இவ்வளவுதானா!"

அந்த விலாசத்துக்குத் தனக்குத்தானே பதிவுத்தபால் அனுப்பினார். அங்கேயே கையெழுத்துப் போட்டு வாங்கினால் ஆதாரம் தயார். விடிந்ததும் போய்ப் புழுதியில் காத்திருந்தார். தரைக்குக் கல் அறுக்கும் மெஷின் காதைப் பிளந்தது. தபால் வரவே இல்லை.

மூன்றாம் நாள் அது அவர் இப்போது குடியிருக்கிற வீட்டுக்கே திரும்பி வந்தது. உறைமேல் அந்தப் பகுதித் தபால்காரன் எழுதியிருந்தான்: 'கூப்பிட்டேன். ஆளில்லை.'

"ஒரே ஒரு குரல் கொடுத்துட்டு ஓடிட்டானா? சோம்பேறி! எவன்யா இவனுக்குத் தொழில் கத்துக்கொடுத்தது?" என்று குதித்தார்.

மனைவி உறையைப் பிடுங்கி ஒளித்தாள். "முதல்ல இது ஏஜென்ட் கண்ணுல படக்கூடாது. கத்துக்கொடுத்தது நீங்கதான்."