டியூப் பிடிக்கிற மச்சான்

என் வீட்டுக்காரர் கிளைட்டன் கோழி அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டு ஆளைத்தான் கூப்பிடுவார். அவ்வளவு இளகின மனசு. ஆனால் கடலில் முங்கிச் சங்கு எடுப்பதில் திரேஸ்புரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து இறங்கும் டியூப்தான் அடியில் இருப்பவருக்கு மூச்சு. அது மடங்காமல் மேலே ஒருவன் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு மச்சினனைத்தான் வைப்பார்கள். கூடப்பிறந்தவள் தாலிக்காகவாவது கவனமாக இருப்பான் என்று ஒரு நம்பிக்கை. இவரும் என் தம்பி டிக்சனை வைத்தார்.

நாசமாய்ப் போனவன், டியூப்பை விட்டுவிட்டு செல்போனில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தானாம். வள்ளத்தில் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்கிறவர்தான் என்னிடம் சொன்னார். டியூப் மடங்கி, காற்று நின்று, இவர் தலைதெறிக்க மேலே ஏறினார். ஆழத்திலிருந்து அப்படி ஒரேயடியாக ஏறினால் உடம்பு தாங்காது. வலது கால் விளங்காமல் போய்விட்டது. டிக்சனோ, “மச்சான்தான் அவசரப்பட்டு ஏறிட்டாவ” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

ஆறு மாதம் இவர் வாயே திறக்கவில்லை. பிறகு ஒருநாள் கம்பை ஊன்றிக்கொண்டு வள்ளத்துக்காரரிடம் போனார்.

“இப்ப டிக்சன்தான முங்குதான்? அவன் டியூப்ப நான் பிடிக்கேன் அண்ணாச்சி. நானும் அவனுக்கு மச்சான்தான?”

டிக்சன் முகம் செத்துப்போனது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே! டியூப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

அன்றிலிருந்து குதிக்கும் முன் சிலுவை போட்டுக்கொண்டு இவர் முகத்தைப் பார்ப்பானாம். இவர் சிரிப்பாராம். கால் போன பிறகு இவர் சிரிப்பது அங்கே மட்டும்தான். தம்பிக்குச் சோறு இறங்கவில்லை, பாதி ஆளாகிவிட்டான்.

என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன். இவரிடம் கேட்டே விட்டேன். “டியூப்ப மடக்கிருவியளோ?”

“போளா கிறுக்கி. நான் சாவுற வரைக்கும் மடக்க மாட்டேன். ஆனா அது அவனுக்குத் தெரியக்கூடாது, கேட்டியா?”

மறுநாள் டிக்சன் அடுக்களை வாசலில் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

“அக்கா, மச்சான் என்னய ஒண்ணும் செஞ்சிர மாட்டாவல்லா?”

ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கு உயிர் வந்திருக்கும். இப்போதாவது ‘தப்பு என் மேலதான்’ என்று சொல்வானா என்று அவன் வாயையே பார்த்தேன். சொல்லவில்லை.

மீனை அலசிக்கொண்டே சொன்னேன். “எனக்கு எப்படிலே தெரியும்?”