விளம்பரத் தாள் உறை

தமிழ்ப் புத்தகத்தைத் தமிழர்களின் கண்ணிலிருந்தே மறைத்துப் படிக்கும் நிலைக்கு நான் ஏன் வந்தேன்? எங்கள் ஊரான பண்டார் தெங்காராவிலிருந்து, நான் வேலை பார்க்கும் குலாய் நகருக்குச் செல்லும் காலைப் பேருந்தில் முன்பின் அறியாத ஓர் அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தபோது இந்தக் கேள்வி எழுந்தது.

அந்தப் பயணம் மட்டுமே என் வாசிப்பு நேரம். வீட்டில் அண்ணன் பிள்ளைகளும் தொலைக்காட்சியும் ஓய்வதில்லை. அலுவலகத்தில், உதவி கேட்டு வருபவர்களின் குறைகளைக் கேட்பதே என் பணி. அதை விரும்பித்தான் செய்கிறேன். இடையில் கிடைக்கும் அந்த நேரத்தை மட்டும் யாருக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை.

எங்கள் பக்கத்தில் கையில் தமிழெழுத்து தெரிந்தால் போதும், பேச அழைத்ததாகவே கொள்வார்கள். முதல் கேள்வி, எந்தத் தோட்டம் என்பது; எங்கள் குடும்பங்கள் முன்பு வேலை செய்த ரப்பர்த் தோட்டத்தைத்தான் கேட்பார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துச் செம்பனை நட்ட பிறகும் அந்தக் கேள்வி மிஞ்சியிருக்கிறது. சிதறிப்போனவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் வழி அது என்பதை அறிவேன். அதனாலேயே முகம் திருப்பத் தயங்கினேன். தோட்டத்துக்குப் பின் அப்பா பெயர், பிறகு சம்பளம், பிறகு கல்யாணம். ஒரு பக்கம்கூடப் புரளாமல் குலாய் வந்துவிடும். ஆகவே கோழி, மீன் விலை போட்ட பேரங்காடியின் மலாய் விளம்பரத் தாளைப் புத்தகத்துக்கு உறையாகப் போட்டேன். சில வாரங்கள் யாரும் என்னை அணுகவில்லை.

அன்று அந்த அம்மாள் என் பக்கத்தில் அமர்ந்தார்.

"என்னாம்மா, இவ்ளோ நேரமா கோழி வெலையவா பாக்குற?"

பதில் சொல்வதற்குள் எட்டிப் பார்த்துவிட்டார்.

"அட, உள்ள தமிழு. மூடி வச்சிப் படிக்கிற அளவுக்கு என்னா புக்கு லா அது? வீட்டுல தெரியுமா?"

முன்னிருக்கையில், அம்மாவோடு கோயிலுக்குப் போகும் இரண்டு பெண்கள் திரும்பிச் சிரித்தார்கள்.

மழுப்பினால் அது கெட்ட புத்தகமாகிவிடும். கடிந்து பேசினால், படித்த திமிர் என்ற சொல் வெள்ளிக்கிழமைக்குள் கோயிலில் அம்மாவின் காதுக்குப் போகும். இரண்டையும் எண்ணிப் பார்த்தேன். உறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

"கதப் புக்கு ஆன்ட்டி. யாரும் பேச்சுக் குடுக்கக் கூடாதுன்னுதான் மூடினேன்."

"அப்போ நான் பேசுனது தப்பா?"

"தப்பில்ல. இப்ப படிக்கிறேன். குலாய்ல எறங்கினதும் பேசுவோம்."

"அலமாக். அப்பாயின்மென்ட் வாங்கித்தான் பேசணும் போல."

"ஆமா ஆன்ட்டி."

"எந்தத் தோட்டம்னாவது சொல்லிட்டுப் படி."

"குலாய்ல சொல்றேன்."

முதல் பத்தி மனத்தில் ஏறவேயில்லை. ஆனாலும் தலை நிமிரவில்லை. குலாயில் இறங்கியதும் சொன்னபடி அவருக்காக நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

எதிர்பார்த்தபடியே வெள்ளிக்கிழமை அம்மா கோயிலிலிருந்து வந்ததும் கேட்டார்.

"பஸ்ஸுல ஒருத்தவங்ககிட்ட மொகத்துக்கு நேரா பேசாதீங்கன்னு சொன்னியா?"

"அப்புறம் பேசலாம்னு சொன்னேன்மா."

"திமிருன்னு சொல்றாங்க."

"சொல்லட்டும்மா. அந்த நேரத்த விட்டா நான் எப்ப படிக்கிறது?"

அம்மா சமாதானமாகவில்லை. நானும் இறங்கி வரவில்லை.

இப்போது என் புத்தகங்களுக்கு உறை போடுவதில்லை. பேச வருபவரிடம் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிறேன். சிலர் குலாயில் நின்று பேசுகிறார்கள், சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். அந்த அம்மாள் வேறு இருக்கையில் அமர்கிறார்.