தெரணியகலைக்கு ஏறிய ஆமை

சண்டை மறுபடியும் மூண்டிருந்த காலம். கடலாமைகள் எங்கே போகின்றன, எங்கே மேய்கின்றன என்று பின்தொடரும் சின்ன அலுவலகம் ஒன்றில், கொழும்பில் நான் வேலை பார்த்தேன். முட்டையிடக் கரைக்கு வரும் ஆமையின் ஓட்டில் ஒரு கருவியை ஒட்டிவிடுவோம். ஆமை மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் அது செட்டலைட்டுக்குச் சேதி சொல்லும். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் கடல் படத்தில் சிவப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். ஆமை போகும் வழி தெரிந்தால்தான் அந்த வழியில் வலை போடாதீர்கள் என்று யாரிடமாவது கேட்க முடியும்.

ஒரு நாள் புள்ளி நீர்கொழும்புக் கரையில் கிடந்தது. மறுநாள் அவிசாவளையில். அதற்கடுத்த நாள் தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆமைக்குத் தேத்தண்ணி ஆசை வந்துவிட்டது என்று அலுவலகமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நான் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். ஆமை செத்துவிட்டது, கருவி தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரோ ஒருவருடைய லயத்தில் இருக்கிறது என்று பார்த்தவுடனே விளங்கிவிட்டது.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. உள்ளே பேட்டரி, மேலே ஏரியல். அந்த நாட்களில் ஒரு தமிழ் வீட்டில் அது அகப்பட்டால் குண்டு என்றுதான் நினைப்பார்கள், ஆமைக் கதையை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? வயர்த் துண்டு வைத்திருந்ததற்காக எங்கள் தோட்டத்தில் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன ஒருவர், மாதக்கணக்கில் திரும்பி வரவில்லை.

எங்கள் பெரிய சார் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களுக்கு எல்லாமே சுலபம். பொலிசுக்குச் சொன்னால் எடுத்துத் தருவார்கள் என்று போனைத் தூக்கிவிட்டார். நான் குறுக்கே கையை வைத்தேன். நாளை மாலைக்குள் நானே கொண்டுவருகிறேன், அதுவரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். மாலை தாண்டினால் பொலிஸ்தான் என்றார்.

விடியற்காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். எந்த லயம் என்று புள்ளி சொல்லாது. கூரைகளை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன். சரிவில் கீழே இருந்த பணிய லயத்தின் கடைசி வீட்டுக் காம்பராக் கூரையில், டிவி ஏரியல் கம்பத்தின் உச்சியில், டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது எங்கள் கருவி. தண்ணீரை விட்டு வெளியே இருந்தால் அது பேசும். அங்கே நின்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

அது கோயிலுக்கு மைக் செட் கட்டுகிறவரின் வீடு. சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்.

"கருவாட்டு மூட்டைக்குள்ள கெடந்துச்சு தங்கச்சி. கருவாடு கொண்டுவர்ற வேன்காரன் வீசச் சொன்னான். ஏரியல் இருக்கேன்னு மேல கட்டிவிட்டேன். இப்ப படம் எவ்வளவு தெளிவா தெரியுது தெரியுமா?"

"அண்ணே, அது சிக்னல் இழுக்கிற சாமான் இல்ல. அதுல இருந்து சிக்னல் போகுது."

"எங்க போகுது?"

"மேல. செட்டலைட்டுக்கு."

அவர் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "நம்ம வீட்டுல இருந்து யாருக்குங்க சேதி போகுது?" என்று கேட்டார். பிறகு புருஷனைப் பார்த்து, "அவுத்து ஆத்துல வீசிட்டு வாங்க" என்றார்.

"வீசினாலும் கடைசிப் புள்ளி ஒங்க கூரையிலதான் நிக்கும் அக்கா. பொலிசு இங்கதான் வரும். நானே கொண்டுபோறேன்."

அவர் ஏறி அவிழ்த்தார். இறங்கியதும் பெட்டியின் பக்கத்தைக் காட்டினார்.

"இதுல என்னமோ எழுதியிருக்கே, என்னா அது?"

சிங்களத்திலும் இங்கிலீசிலும் எழுதியிருந்தது: ஆமை ஆராய்ச்சிக் கருவி, ஆபத்தில்லை, கண்டெடுத்தால் அறிவிக்கவும். அவர் சிங்களம் பேசினால் சிங்களவரே ஏமாந்துபோவார்கள். வாசிக்கத்தான் தெரியாது.

"தமிழ்ல ஏன் போடல?"

"எடம் பத்தலன்னாங்க அண்ணே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இடப் பஞ்சத்தால் இந்த மனுஷன் உள்ளே போயிருப்பார்.

கருவியைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்து, மேலே அக்கா கொடுத்த கொய்யாப்பழங்களைப் போட்டேன். அவிசாவளைக்கு முன்னால் ராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். என் முறை வந்தது. ஆமிக்காரன் கொய்யாப்பழத்தை ஒதுக்கினான், துவாயைப் பிரித்தான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். அவன் துவக்கின் குழல் என் பக்கம் திரும்பியது.

இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"கெஸ்பேவாகே" என்றேன். ஆமையினுடையது. எனக்கே பைத்தியக்காரப் பதிலாகத்தான் பட்டது.

அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் புரட்டி, கருவாட்டுச் செதிலைப் பெருவிரலால் துடைத்துவிட்டு, அந்தச் சிங்கள வரியை எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகச் சத்தமாக வாசித்தான். திரும்ப ஒருமுறை வாசித்தான். துவக்கு கீழே இறங்கியது.

"எதகொட்ட கெஸ்பேவா கோ?" என்றான்.

அப்படியானால் ஆமை எங்கே? தங்காலைப் பக்கத்துக்காரனாம், ஆமை வரும் கரையில் வளர்ந்தவனாம். இத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

"மெருணா" என்றேன். செத்துவிட்டது.

அவன் கருவியைத் துவாயில் பழையபடி சுற்றித் தந்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. ஆமைக்காகவா அந்த அண்ணனுக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

அடுத்த கருவி வந்தபோது, அதில் ஒட்டும் அறிவிப்புத் துண்டைச் சாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். இடமில்லை என்று மறுபடியும் சொன்னார். இங்கிலீஸ் எழுத்தைச் சின்னதாக்கினேன், இடம் வந்துவிட்டது. தமிழில் ஒரே வரி எழுதினேன்.

"இது ஆமையினுடையது. கண்டெடுத்தவர் பயப்பட வேண்டாம்."