தூணில் சாய்ந்தவளுக்கு என்ன கவலை?

படங்களுக்குச் சட்டம் போடுகிறவனுக்குக் கண்ணாடி அறுக்கத் தெரிந்தால் போதாது. படத்தில் நிற்பவரின் மனசும் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கடை வைத்திருக்கும் உங்களுக்கும் இப்படி ஒரு பாடு இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸில் என் கடைக்கு ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி மாணிக்கம் ஒரு பம்பாய் அச்சுப்படம் கொண்டுவந்தார். தூணில் சாய்ந்த பெண். கையில் கடிதம். பக்கத்தில் ஏற்றாத குத்துவிளக்கு. அவருடைய புது மனைவி நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தாள். "வீட்டுக்குள்ள வந்ததும் இதைத்தான் பார்க்கணும் அண்ணே. முகம் சுளிச்சிட்டா என் கதி அவ்வளவுதான்" என்றார்.

கடிதம்

தபால் கொடுக்க வந்த தபால்காரர் அந்தோணி படத்தை உற்றுப் பார்த்தார். "நல்ல சேதின்னா நாலு பேருக்குக் காட்ட விரிச்சே வெச்சிருப்பா. இவ மடிச்சிட்டா. என் பையில இந்த மாதிரி கடிதம் நிறைய போகுது!"

விளக்கு

மாணிக்கத்தின் முகம் வாடியது. "விளக்கும் ஏத்தலையே" என்று முனகினார். வேத வசனப் படம் வாங்க வந்த மெதடிஸ்ட் பள்ளி ஆசிரியை, தூணின் நிழலை விரலால் அளந்தார். குட்டை நிழல். "உச்சி வேளை தம்பி. இப்ப விளக்கேத்தினா எண்ணெய்தான் அழும்."

கால்விரல்

சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினேன். கிள்ளானிலிருந்து முருகன் படத்தோடு வந்த அஞ்சலை அதைப் பார்த்தாள். "கழுத்தைக் கூந்தல் மறைக்குது. காலில் மெட்டியும் இல்லை. புதுப் பொண்டாட்டி வர்ற வீட்டுல எவளோ ஒரு குமரிப்பொண்ணையா மாட்டுவாங்க?"

மாணிக்கம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தப்பு என்னுடையது. சட்டத்தின் விளிம்பு படத்தின் அடியில் அரை அங்குலத்தை விழுங்கியிருந்தது. ஆணிகளைப் பிடுங்கிச் சட்டத்தைக் கழற்றினேன். இரண்டாம் விரலில் மெட்டி! சற்றுப் பெரிய சட்டமாக அறுத்து, விரல்கள் தெரியும்படி மறுபடி போட்டேன். அஞ்சலை கை தட்டினாள். "படத்துக்கு மெட்டி போட்ட ஆசாரி நீங்க ஒருத்தர்தான்லா!"

வந்தவள்

கப்பல் வந்த மறுநாள் மாணிக்கம் மனைவியோடு வந்தார். செல்லம் என்று பெயர். மாணிக்கத்தின் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. நானே கேட்டேன்: "படம் பிடிச்சுதா அம்மா? அவ சோகமா நிக்கிறாளா, சந்தோஷமா நிக்கிறாளா?"

செல்லம் என் கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டும் இல்லைங்கண்ணே. கப்பல்ல வந்தவளுக்குத் தெரியாதா? தலை சுத்துது, தூணைப் பிடிச்சிருக்கா. பாவம், என் கூடவே இருக்கட்டும்!"

அன்று முதல், படத்துக்குப் பொருள் சொல்ல வருகிறவருக்கு நான் முதலில் உட்கார ஒரு முக்காலி கொடுத்துவிடுகிறேன்.